புதுப்பிப்பு: ஏர்ல் ஷாஃபர், விட்டுப்போன பாதி

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மலைகள் வழியாகப் போகும் நீண்ட நடைப்பயணப் பாதையான அப்பலாச்சியன் நடைபாதையை முதன்முதலில் ஒரே பயணமாக நடந்து முடித்தவர் ஏர்ல் ஷாஃபர் என்று முன்பு எழுதியிருந்தேன். "போர் வீரர் என்றீர்களே, அந்தப் போர்க் கதையைச் சொல்லவே இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டது நியாயம்தான். அந்த நடைக்குக் காரணமே போர்தான்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தார். சின்ன வயதிலிருந்து கூடவே காடு சுற்றிய நண்பர் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டையில் இறந்துபோனார். போர் முடிந்ததும் இருவரும் சேர்ந்து இந்தப் பாதையை நடப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். மனதில் தங்கிவிட்ட ராணுவத்தை நடந்தே வெளியேற்ற வேண்டும் என்று 1948 ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து ஷாஃபர் தனியாகக் கிளம்பினார். ஏறக்குறைய 2,000 மைல், 124 நாள். பாதையின் வடக்கு முனையான, மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் போய் நின்றார். முழுத் தூரத்துக்கும் ஒரே ஜோடி பூட்ஸ். வழியில் இரண்டு முறை அடி மாற்றித் தைத்ததோடு சரி. கடைசியில் அது கந்தலாகவே ஆகிவிட்டது.

பாதையைப் பராமரித்த சங்கத்தாரே முதலில் நம்பவில்லை. நாட்குறிப்பையும் படங்களையும் காட்டித்தான் நிரூபித்தார். அப்புறம் அவரே அந்தப் பாதையைப் பராமரிக்கும் வேலையில் இறங்கி, தங்குமிடங்களும் கட்டினார். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

1965இல் வடக்கிலிருந்து தெற்காக 99 நாளில் நடந்தார். 1998இல், 79 வயதில், மூன்றாவது முறை. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதையைப் பல இடங்களில் செங்குத்தான மலைகள் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். இவ்வளவு கடினமாக்கியிருக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 2002இல் காலமானார்.