ரீட்பேக், ஹியர்பேக்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் போக்குவரத்துச் சொற்பட்டியலில் ரீட்பேக், ஹியர்பேக் என்ற இந்த இரண்டு சொற்கள் மட்டும் முடிவாகாமல் நிற்கின்றன. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் வானொலியில் சொன்னதை விமானி சொல்லிக் காட்டுவது ரீட்பேக். அதைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்டுச் சரிபார்ப்பது ஹியர்பேக். இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.

> ரீட்பேக்குக்குத் 'திரும்பச் சொல்லுதல்' போதும். புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. வானொலியில் ஒன்று சரியாகக் காதில் விழாவிட்டால் 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்பதற்கென்றே தனித் தொடர் இருக்கிறது. அங்கே முதலில் பேசியவரே மறுபடி பேசுகிறார். ரீட்பேக்கிலோ கேட்டவர் பேசுகிறார். எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம், எந்தத் திசை, என்ன வேகம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தமிழ் என்றால், பேசுகிறவர் யார் என்பதே குழம்பிவிடும்.

'மறுவுரை'யும் எனக்குச் சரிப்படவில்லை. 'மறு'வுக்குள் மறுப்பும் இருக்கிறது. இங்கே மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து, தமிழ் வகுப்பில் ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்துத்தான் பொருள் காண்கிறார்கள். விமானி கட்டளையை மறுத்துவிட்டார் என்று அவர்கள் நினைத்தால் அது சொல்லின் குறைதான்.

> பாடம் ஒப்புவிப்பது போலத்தானே? 'ஒப்புவிப்பு' என்றே வைக்கலாம்.

டர்பன் அக்காவின் இந்த யோசனைதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. பிள்ளை சொல்ல, ஆசிரியர் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார். பொருத்தமான உவமை. ஆனால் இரண்டு தடைகள். ஒரு விமானத்தை ஒரு கட்டுப்பாட்டாளர் இன்னொருவரிடம் மாற்றிவிடுவதற்கு 'ஒப்படைப்பு' என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டோம். ஒலியிலும் பொருளிலும் இரண்டும் மிக நெருக்கம். மற்றது, ஒப்புவிப்பவர் முன்பே மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார். விமானி அந்தக் கணத்தில் காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். தான் எதிர்பார்த்த எண்ணையே கேட்டதாக மனம் எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பெரிய ஆபத்து. அதனால் 'மீளுரை' என்பதையே ஆதரிக்கிறேன்.

> ஹியர்பேக்குக்குத் தனிச்சொல் தேவையா? 'கேட்டல்' போதாதா?

இங்கேதான் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சுபாங் விமான நிலையத்தில் தரையிறங்க நெருங்கியபோது 2400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். ஆயிரம், நூறு என்று சொல்லாமல் இரண்டு, நான்கு, சுழி, சுழி என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்ற எண்ணுக்கும் 'வரை' என்று பொருள்படும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. 400 அடி வரை இறங்கச் சொன்னதாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வானொலியில் 'நான்கு, சுழி, சுழி' என்று சொல்லியும் காட்டினார்கள். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, இருந்த நால்வரும் இறந்தார்கள்.

மீளுரை அங்கே நடந்தது. தவறு வெளிப்படையாக வானொலியிலேயே ஒலித்தது. அதைப் பிடிக்க வேண்டிய அடுத்த படிதான் நடக்கவில்லை. மீளுரையைக் கவனித்துக் கேட்டு, வேறுபாடு இருந்தால் உடனே திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை என்று பன்னாட்டு விதியே சொல்கிறது. அந்தக் கடமைக்குத் தமிழில் பெயர் இல்லாவிட்டால், பாடம் எழுதுகிறவர் பழி முழுவதையும் விமானி மேல் எழுதிவிட்டுப் போய்விடுவார்.

'கேட்டல்' என்றால் காதால் கேட்பதும் ஆகும், வினவுவதும் ஆகும். 'ஒப்புக்கேட்டல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஒப்புக்குக் கேட்டான்' என்ற வழக்கு நினைவுக்கு வந்து, வேண்டிய பொருளுக்கு நேர் எதிராகப் போய்விடுகிறது. 'சரிகேட்பு' எளிமையானதுதான், ஆனால் சம்மதம் கேட்பது போல ஒலிக்கிறது. போதாததற்கு 'சரி' என்பதே நழுவலான சொல். கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் சரி, அப்படியே செய்கிறேன் என்பதற்கும் சரி. வானொலியில் 'ரோஜர்' முதலாவதை மட்டும் குறிக்கும், 'வில்கோ' இரண்டாவதைக் குறிக்கும். நாமே அந்தக் கோட்டை அழித்துவிடக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை 'செவியொப்பீடு'. செவியால் ஒப்பிடுவது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'விமானியின் மீளுரை தவறாக இருந்தது, கட்டுப்பாட்டாளர் அதைச் செவியொப்பிடவில்லை.' யார் என்ன செய்யத் தவறினார் என்பது தெளிவாகத் தெரிகிறது. மீளுரைப் பிழை, செவியொப்பீட்டுப் பிழை என்று இரண்டையும் பிரித்தும் எழுதலாம்.

அப்புறம், ஹெல்டர்பெர்க் பற்றி. 1987 நவம்பர் 28 அன்று தைபேயிலிருந்து நம் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அந்தத் தென்னாப்பிரிக்க விமானம் கடலில் விழுந்து 159 பேர் இறந்ததை மொரிஷியஸில் மறக்க முடியாது. அதை மீளுரைப் பிழைக்கு எடுத்துக்காட்டாகப் போடலாம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம். அந்த விபத்துக்குப் பின்னால் இருந்தது சரக்குப் பகுதியில் பற்றிய தீ. ஆனால் விமானம் கடைசியாகச் சொன்ன தொலைவு அடுத்த வழிப்புள்ளிக்கு, அதாவது பயணப் பாதையில் குறித்த அடுத்த இடத்துக்கு உரியது. அதை விமான நிலையத்திலிருந்து கணக்கிட்ட தொலைவாக எடுத்துக்கொண்டதால் தேடுதல் தீவுக்கு மிக அருகிலேயே நடந்தது. அங்கே விடுபட்டது, எந்த இடத்திலிருந்து அளந்த தொலைவு என்பது. அந்த வகைப் பிழைக்கு வேறொரு சொல் வேண்டும். 'அளவைத்தளப் பிழை' என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன், ஆனால் அது எனக்கே திருப்தி இல்லை. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். மீளுரை, செவியொப்பீடு இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும், காரணத்தோடு இந்த இழையிலேயே எழுதுங்கள்.