ஆறு மாதக் குழந்தைக்குத் தட்டைத் தலை: ஹெல்மெட் அவசியமா?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். எங்கள் ஆறு மாத மகனுக்குப் பின்தலையின் வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் வலது காது சற்று முன்னே தள்ளியிருப்பதும் தெரிகிறது. மண்டையோட்டு இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளவில்லை, ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்ததால் வந்ததுதான் என்று குழந்தைநல மருத்துவர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். கழுத்துத் தசை இறுக்கத்துக்குப் பிசியோதெரபி நடக்கிறது. விழித்திருக்கும்போது குப்புறப் போடுகிறோம்; தூங்குவது மட்டும் மல்லாந்துதான், பாதுகாப்பு கருதி அதை மாற்றுவதாக இல்லை. தலையை எண்ணெய் தடவி உருவிவிடலாம் என்ற மாமியாரின் யோசனையை மருத்துவர் ஏற்கவில்லை.

தலை வேகமாக வளரும் இந்த மாதங்களிலேயே, தலை வடிவத்தைச் சீராக்குவதற்கான ஹெல்மெட்டைத் தொடங்கி, நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணிவிக்க வேண்டும் என்று ஒரு தனியார் மையத்தில் கூறுகிறார்கள். ஆனால், நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமையானது வரையிலான தட்டை உள்ள குழந்தைகளில் ஹெல்மெட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இரண்டு வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மிகக் கடுமையான தட்டை உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. எங்கள் மகனுடையது நடுத்தரம் என்பதால், செலவு ஒருபுறமிருக்க, காத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கணவருக்கோ காலம் கடந்துவிடுமோ என்ற பயம்.

இதே நிலையில் ஹெல்மெட் அணிவித்தவர்கள், சென்னை வெயிலில் வியர்க்குருவையும் தோல் புண்ணையும் எப்படிச் சமாளித்தீர்கள்? வேண்டாம் என்று விட்டவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது தலை எப்படி இருக்கிறது? ஹெல்மெட் விற்பனையில் தொடர்பில்லாத மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க, ராயபுரம், பெரம்பூர், எழும்பூர் பக்கம் எந்தப் பிரிவை அணுகலாம் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.