முன்வாசலுக்குக் கூரை: தகரமா, ஓடா? பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையில் மேற்குப் பார்த்த வீடு. வாசலில் 12-க்கு 14 அடி இடம் சும்மா கிடந்தது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம், வண்டியும் நனையாது என்று 2019-இல் கூரை போட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர் டேப்பைப் பிடித்த கையோடு, "கலர் ஷீட் போட்ருங்க சார், ரெண்டு நாள் வேலை" என்றார். நான் யோசித்தது நிறத்தை மட்டும்தான். கேட் நீலம், அதனால் ஷீட்டும் அடர் நீலம்.

சித்திரை பிறந்ததும் தெரிந்தது. 0.35 மி.மீ. தகரம், அதுவும் சன்ஷேடை ஒட்டி 8 அடி உயரத்தில், சூடான காற்று வெளியேற ஓர் இடுக்குகூட இல்லை. வெயிலே படாத இடத்தில் வடகம் காய்ந்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். உட்கார வேண்டிய சாயங்கால நேரத்தில்தான் உச்சிக்கு மேலே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். மழை வந்தால் போனை வைத்துவிட வேண்டியதுதான், அவ்வளவு சத்தம்.

அப்புறம் ஒழுகல். ஷீட்டுக்கு நடுவில் சொட்டுக்கூட இல்லை, சுவரும் தகரமும் சேரும் இடத்தில்தான் எல்லாம். 12 அடி நீளத்துக்கு அரை அடிதான் வாட்டம் விட்டிருந்தார், இடைவெளியைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார். தகரம் வெயிலில் விரியும், ராத்திரி சுருங்கும், சிமென்ட் அதற்கு எங்கே ஈடுகொடுக்கும்? ஒரே வருடத்தில் விட்டுவிட்டது.

2022-இல் பிரித்துவிட்டு ஓடு போடலாம் என்று ஆசைப்பட்டேன். மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரி வாட்டமாவது வேண்டுமாம், இல்லாவிட்டால் சாரல் ஓட்டுக்கடியில் ஏறும். கணக்குப் போட்டால் 12 அடிக்கு ஏறக்குறைய 7 அடி ஏற வேண்டும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரையே தாண்டிவிடும். இரண்டு பக்கச் சரிவாக்கினால் உயரம் அடங்கும், ஆனால் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் விழும். அந்த வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மறுபடி தகரம்தான். இந்த முறை வெள்ளை, 0.5 மி.மீ., சுவர்ப்பக்கம் 10 அடி, வெளிப்பக்கம் எட்டரை. சுவரில் காடி வெட்டி, மடக்குத் தகடு செருகி, அதை ஷீட்டின் மேல் இறக்கினோம். கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி. சூடு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது, மழைச் சத்தமும் அடங்கிவிட்டது.

---

அண்ணே, நான் வேதாரண்யம் பக்கம். எங்களுக்குச் சூடெல்லாம் ரெண்டாம்பட்சம், காத்துதான் பயம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையேறினப்போ எங்க வாசல் ஷீட் மொத்தமும் போச்சு. காலையில பார்த்தா குறுக்குக் கம்பியில ஸ்க்ரூ எல்லாம் அப்படியே நிக்குது, ஒவ்வொண்ணுலயும் வாஷருக்கடியில வட்டமா ஒரு துண்டுத் தகரம் மட்டும் மிச்சம். தகரம் கிழிஞ்சு கழண்டிருக்கு. மூணு பக்கமும் திறந்த கூரைக்குக் காத்து கீழே புகுந்து மேலே தூக்கும், நீங்க உயரத்தையும் ஏத்திட்டீங்க. ஓரத்து வரிசையில ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்க. கூரையைத் தாங்குற இரும்புக் காலைத் தரையில நாலு போல்ட்டு வச்சு நிறுத்தாம, குழி தோண்டிக் கான்கிரீட்ல புதைக்கச் சொல்லுங்க.

---

சென்னை. வெளிச்சம் குறையக்கூடாது என்று பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் ஷீட், உள்ளே குழல் குழலாக இருக்கும்) போட்டேன். வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று மேல் பேப்பரிலேயே அச்சடித்திருப்பார்கள். வந்த பையன் பேப்பரை உரித்துவிட்டு ஷீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டான். மூன்றே வருடத்தில் மஞ்சள். ஓரத்தை டேப் ஒட்டி அடைக்காததால் குழல்களுக்குள் பாசியும் எறும்பும். மாட்டி முடிக்கிற வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

---

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் ஓடுதான், இரும்புச் சட்டத்தின் மேல். குளுமைக்குக் குறையே இல்லை. ஓர் ஓடு இரண்டரை கிலோ பக்கம் வரும், சட்டம் கனமாக இருக்க வேண்டும். தென்னை பக்கத்தில் இருந்தால் 20, 30 ஓடு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய் விழுந்தால் இரண்டு ஓடாவது உடையும். அது இருக்கட்டும், மூங்கில் தட்டியில் பூச்சி அடையவில்லையா?

---

அடையாமல் இருக்குமா? அடைகிறது. பொங்கலுக்குப் பொங்கல் இறக்கி உதறுகிறோம். போன முறை உதறியபோது ஓர் அணில் கூடு விழுந்தது, அதற்குள் மெத்தையாகக் கிடந்தது நான் ஆறு மாதமாகத் தேடிய ஒற்றை சாக்ஸ்.