அப்பாவின் ஹால் சிஸ்டத்துக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

குயில்72:
அப்பாவோட பழைய ஸ்டீரியோ ஆம்ப்ல இடது பக்கம் சத்தம் வர்றதில்ல. தட்டினா வரும், கொஞ்ச நேரத்துல போயிடும். ஸ்பீக்கர் 8 ஓம், பின்னாடி 87 டிபின்னு (1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல வர்ற சத்தம்) போட்டிருக்கு. ஹால் 12-க்கு 15 அடி. டிவி, ஃபோன், எம்எம் கார்ட்ரிட்ஜ் (காந்தம் அசையுற வகை ஊசித்தலை) போட்ட ரெக்கார்ட் பிளேயர் மூணும் இணையணும். அப்பா சத்தமா வெச்சுக் கேட்க மாட்டார்; ஆனா குறைச்சு வெச்சா மிருதங்கத்தோட தொப்பி (அடிநாதம் வர்ற பக்கம்) கேட்கலங்கிறார். 100 வாட்ஸ் வாங்கினா சரியாகுமா?

சாலிடர்கம்பி:
முதல்ல பழுது எங்கேன்னு பாருங்க. பவரை அணைச்சுட்டு, ஆம்ப் பின்னாடி ஸ்பீக்கர் வயர்களை இடம்வலம் மாத்துங்க. அதே ஸ்பீக்கர்தான் ஊமையா இருக்குன்னா கோளாறு ஸ்பீக்கர்லயோ அதோட வயர்லயோ. ஊமை அடுத்த ஸ்பீக்கருக்குப் போயிட்டா ஆம்ப் பக்கம். அப்போ பிளேயர்லேர்ந்து வர்ற சிவப்பு, வெள்ளை பின்களையும் மாத்திப் பாருங்க. திரும்பவும் பக்கம் மாறினா கேபிள் அல்லது பிளேயர்.

தட்டினா வருதுன்னா பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற உள் சுவிட்ச்), வால்யூம் கண்ட்ரோல், இல்ல விரிசல் விட்ட சாலிடர். மூணுமே சரிபண்ணக்கூடியதுதான். ஸ்பீக்கர் கோனைச் சுத்தியிருக்கிற ஃபோமையும் விரலால தொட்டுப் பாருங்க. உதிர்ந்தா எந்த ஆம்ப் வெச்சாலும் பேஸ் சரியா வராது.

கேசட்காலம்:
வாட்ஸை விட்டுடுங்க. 60-க்கும் 100-க்கும் வித்தியாசம் 2 டிபி சொச்சம்தான். 87 டிபி ஸ்பீக்கர்ல, 3 மீட்டர் தள்ளி மெதுவா கேட்கிறவருக்கு சராசரியா 1 வாட்கூட ஆகாது. தனி ஆவர்த்தனத்துல ஓங்கி விழற அடிக்கு 40 வாட்ஸ் தாராளம்.

சத்தம் குறைய குறைய அடிநாதம் காதுக்குக் கேட்காமப் போறது இயல்பு. அதுக்கு வேண்டியது லவுட்னஸ் கண்ட்ரோல், அதாவது சத்தம் குறையும்போது அடிநாதம் அமுங்காம பார்த்துக்கிற திருகு. யமஹா ஏ-எஸ்301-ஐ பாருங்க: 60 வாட்ஸ், எம்எம் ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயர் செருகுற இடம்), ஆப்டிகல் (டிவிக்கு ஒளிக்கம்பி செருகுற இடம்), திருகுற லவுட்னஸ். லவுட்னஸை ஃப்ளாட்ல வெச்சு, அப்பா அதிகபட்சமா கேட்கிற அளவுக்கு வால்யூமை ஏத்துங்க. அப்புறம் வால்யூமைத் தொடாம லவுட்னஸைத் திருகித்தான் சத்தத்தைக் குறைக்கணும். ப்யூர் டைரக்ட் (டோன் திருகுகளை ஒதுக்கிட்டு நேராப் போற பட்டன்) விளக்கு எரிஞ்சுட்டிருந்தா லவுட்னஸ் வேலை செய்யாது. கெட்டுப்போச்சுன்னு பலரும் பயப்படுறது இதுலதான். இதுல ப்ளூடூத் கிடையாது, ஃபோனுக்குச் சின்ன ரிசீவர் ஒண்ணு லைன் இன்ல செருகணும். டெனான் பிஎம்ஏ-600என்இ-ல ப்ளூடூத் உள்ளேயே இருக்கு. 8 ஓமுக்கு 45 வாட்ஸ், உங்களுக்குப் போதும்.

குயில்72:
டிவி ரிமோட்லயே சத்தம் மாத்த முடியுமா? ரெண்டு ரிமோட்னா அப்பா தடுமாறுவார்.

சாலிடர்கம்பி:
ஆப்டிகல்ல பெரும்பாலும் முடியாது. டிவி ஒரே அளவுலதான் அனுப்பும். ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி சத்தம் ஹெச்டிஎம்ஐ வயர்ல ஆம்புக்கு வர்ற வசதி) இருக்கிற ஆம்ப் வேணும், டிவில சிஇசி-யையும் (ஒரு ரிமோட்லயே ரெண்டையும் இயக்குற வசதி) ஆன் பண்ணணும். வீம் ஆம்ப் அப்படிப்பட்டது. ஆனா அதுல ஃபோனோ இல்ல, ரெக்கார்ட் பிளேயருக்குத் தனி ப்ரீஆம்ப் (அதோட மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி) வாங்கணும். எப்படி இணைச்சாலும் டிவி செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம்-ல (சுருக்காத சாதாரண ஒலி) வைங்க. டால்பில இருந்தா ஸ்டீரியோ ஆம்ப்ல சத்தமே வராது, இல்ல வெறும் இரைச்சல்.

பழசு வாங்கினா பின்பக்கம் 230 வோல்ட்டான்னு படிச்சுப் பாருங்க. ஜப்பான்லேர்ந்து வர்ற 100 வோல்ட் செட்டை நேரா நம்ம ப்ளக்குல செருகினா புகைஞ்சிடும்.

குயில்72:
வயரை மாத்தினேன், ஊமை வலது பக்கம் போயிடுச்சு. பின்னை மாத்தினா அங்கேயே நிக்குது. வால்யூமைத் திருகினா கரகரங்குது.

சாலிடர்கம்பி:
அப்போ ஆம்ப்தான். முதல் சந்தேகம் வால்யூம் கண்ட்ரோல். மெக்கானிக்கிட்ட காண்டாக்ட் கிளீனர் விட்டுச் சுத்தம் பண்ணி, ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். மூடியை நீங்களே திறக்காதீங்க, ப்ளக்கைக் கழட்டினாலும் பெரிய கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும். செலவு கேட்டுட்டு, கட்டுபடியாகலன்னா மட்டும் புதுசுக்குப் போங்க.