பதாயர் மணலுக்கும் ஹத்தா கல்லுக்கும் ஒரே டயர் போதுமா?

புதுவரவு450
வணக்கம். துபாயில் இருக்கிறேன். வண்டி கே.டி.எம். 450 இ.எக்ஸ்.சி., பின்சக்கரம் 18 அங்குலம். ஒரு வாரம் பதாயர் மணல், அடுத்த வாரம் ஹத்தா பக்கம் வாடி (கல் நிறைந்த வறண்ட ஆற்றுப்படுகை) என்று ஓட்டுகிறேன். இரண்டு டயரும் தேய்ந்துவிட்டன. வாராவாரம் கழற்றி மாட்ட நேரமில்லை, ஒரே ஜோடிதான் வாங்க முடியும். எந்த வகையை எடுப்பது?

மணல்மேட்டுக்காரன்
சாஃப்ட் டெரைன், அதாவது மென்தரை டயர் எடுங்கள். பட்டன் (டயர்மேல் துருத்தும் ரப்பர் கட்டை) உயரமாக, இடைவெளி அகலமாக இருக்கும். மணலில் டயர் அள்ளித் தள்ளித்தான் முன்னே போகிறது; அள்ளுவதற்கு இடம் வேண்டும். பட்டன் நெருக்கமான டயரோடு மேடு ஏறினால் பாதியிலேயே சக்கரம் புதையும். 450-இல் பவர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பவர் கூடினால் குழியும் சீக்கிரம் ஆழமாகும். அதற்காகத் துடுப்பு வைத்த பேடில் டயருக்குப் போகவும் வேண்டாம், அது சுத்த மணலுக்கு மட்டும்தான்.

கல்லும்முள்ளும்
அண்ணா, நீங்கள் சொல்வது பதாயருக்குச் சரி. ஹத்தாவில் அந்த டயர் என்ன ஆகும் என்று சொல்லவில்லையே? உயரமான பட்டன் கல்மேல் வளைந்து வளைந்து அடியில் விரிசல் விடும், அப்புறம் ஓரத்துப் பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். மணலில் ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். வாடியில் உருண்டைக் கல்மேல் முன்சக்கரம் வழுக்கினால் தோள் எலும்பு போய்விடும். எங்கே ஆபத்து அதிகமோ அந்தத் தரைக்குத்தான் டயர் வாங்க வேண்டும். டக்கார் பாலைவன ராலிப் போட்டியைப் பாருங்கள். 2020 முதல் சவூதியில் நடக்கிறது, கல்லும் மணலும் ஒரே நாளில் வருகின்றன. 2021-இல் ஒரு பைக்குக்குப் போட்டி முழுவதற்கும் ஆறு பின் டயர்தான் என்று கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். நம்ம ஓசூர் டி.வி.எஸ். அணிக்காக ஓடிய ஹரித் நோவா 2024-இல் ராலி 2 பிரிவில் (முதல் நிலைப் பிரிவுக்கு அடுத்தது) வென்றது அந்த மாதிரித் தரையில்தான். அங்கே மாட்டுவது கெட்டியான ராலி டயர்.

மணல்மேட்டுக்காரன்
ஹரித் நோவா வென்றதில் எனக்கும் பெருமைதான் தம்பி. ஆனால் அந்த வண்டி சுமார் 30 லிட்டர் பெட்ரோல் சுமந்துகொண்டு, டியூபுக்குப் பதில் மூஸ் (காற்று அடைக்காத நுரை ரப்பர் வளையம்) போட்டுக்கொண்டு, நாள் முழுக்க வேகமாக ஓடுகிறது. அந்த எடைக்கும் வேகத்துக்கும் சைடு வால் (டயரின் பக்கச்சுவர்) கெட்டியாக இருந்தே ஆகவேண்டும். இவருடையது போல எடை குறைந்த எண்டியூரோ (கரடுமுரடான தரையில் ஓட்டும்) வண்டியில் அதை மாட்டினால் காற்றை இறக்கினாலும் டயர் படியாது. படியாத டயர் மணலில் மிதக்காது.

டயர்பட்டறை
நான் தினமும் இந்த வண்டிகளுக்கு டயர் மாற்றுகிறவன். இரண்டு பேரும் பின் டயரிலேயே நிற்கிறீர்கள். பின் டயர் வழுக்கினால் வண்டி ஆடும், பிடித்துக்கொள்ளலாம். முன் டயர் விட்டால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் நல்ல இன்டர்மீடியட் (மென்தரைக்கும் கடினத் தரைக்கும் நடுத்தரமான டயர்) போடுங்கள், 80/100-21 இல்லையென்றால் கொஞ்சம் அகலமான 90/90-21. பின்னால் சாஃப்டுக்கும் இன்டர்மீடியட்டுக்கும் நடுவில் உள்ளது. அது சீக்கிரம் தேயும், தேயட்டும். பின் டயரை அடிக்கடி மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

டயரைவிடக் காற்றழுத்தத்தில்தான் வித்தியாசம் பெரிது. மணலில் 8 முதல் 10 பி.எஸ்.ஐ., வாடியில் 13 முதல் 15. மணல் அளவோடு கல்லில் இறங்கினால் ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ரிம் லாக் (டயரை ரிம்மோடு நகராமல் பிடிக்கும் பூட்டு) இறுக்கமாக இல்லாவிட்டால் டயர் ரிம்மின் மேல் சுற்றி வால்வையே பிய்த்துவிடும். இன்னொன்று, வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். மேலே ஏற்றி மூடியோடு ஒட்டி வையுங்கள். வால்வு சாய ஆரம்பித்தால் டயர் நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

கல்லும்முள்ளும்
காற்று விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலீஹாவில் மணலிலிருந்து கல்லுக்கு ஒரே ஓட்டத்தில் மாறுகிறோம். அங்கே நின்று யார் பம்ப் அடிப்பார்கள்? அதனால்தான் மூஸ் போடச் சொல்கிறேன். பஞ்சரே கிடையாது.

டயர்பட்டறை
மூஸில் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அது கொடுக்கிற கடினம்தான். கெட்டித் தரையில் நீண்ட நேரம் வேகமாகப் போனால் உள்ளே சூடேறிச் சிதையும், அதுவும் இந்த ஊர் வெயிலில். ஜெல் தடவிப் பராமரிக்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு 4 மி.மீ. தடிமன் டியூப் போதும்.

கல்லும்முள்ளும்
கல்லில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு மூஸ்தான். அதில் நான் மாறமாட்டேன்.

புதுவரவு450
எனக்கு மணல், கல் பாதிக்குப் பாதி. டயர்பட்டறை சொன்ன ஜோடியும் தடித்த டியூபும் எடுக்கிறேன். பையில் எந்த அளவு டியூப் வைத்துக்கொள்வது?

டயர்பட்டறை
21 அங்குல டியூப் ஒன்று. பின்சக்கரம் பஞ்சரானாலும் அதையே 18-க்குள் திணித்து மெதுவாக வண்டி நிறுத்திய இடம் வரை வரலாம். 18 டியூப் முன்னால் உதவாது.