இரண்டரை வயதுக் குழந்தைக்குக் கடும் மலச்சிக்கல்: மருந்தை நிறுத்தலாமா?

இளமதி, ஈரோடு

வணக்கம். என் மகனுக்கு இரண்டரை வயது ஆகிறது. எடை 12 கிலோ. தாய்ப்பால் குடித்த காலத்தில் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. இப்போது சில மாதங்களாக வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறைதான் மலம் கழிக்கிறான். அதுவும் பெரியவர்களுக்கு வருவதைப்போலப் பருமனாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. சில சமயம் அதன்மேல் சிவப்புக் கோடாக இரத்தம் தெரிகிறது. உந்துதல் வந்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கால்களைப் பின்னி, நுனிவிரலில் நின்று முகம் சிவக்க முக்குகிறான், ஆனால் ஒன்றும் வருவதில்லை. வயிறு உப்பியிருக்கும் நாட்களில் சோற்றைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான். பால் மட்டும் புட்டியில் நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் குடித்துவிடுகிறான்.

எங்கள் பகுதி மருத்துவர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுத்துவரும்போதே ஜட்டியில் தண்ணீராகவும் பிசுபிசுப்பாகவும் மலம் கசியத் தொடங்கியிருக்கிறது. இது வயிற்றுப்போக்கு, மருந்து அதிகமாகிவிட்டது, உடனே நிறுத்து என்கிறார் என் மாமியார். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தால் போதும் என்பது அவருடைய யோசனை. மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா? தொடர்ந்தால் குடல் அதற்கே பழகிவிடாதா? அனுபவமுள்ளவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பூங்கோதை, தஞ்சாவூர்

சகோதரி, முதலில் அந்தப் பால் புட்டியைக் கவனியுங்கள். முக்கால் லிட்டர் பால் வயிற்றை அடைத்துக்கொண்டால் பருப்புக்கும் கீரைக்கும் இடம் எங்கே இருக்கும்? என் மகளுக்கும் ஏறக்குறைய இதே நிலை இருந்தது. புட்டியை எடுத்துவிட்டுக் காலையில் ஒரு தம்ளர், இரவில் ஒரு தம்ளர் என்று மாற்றினோம். வீட்டில் கொஞ்ச நாள் ஒரே ரகளைதான். ஆனால் பசி வந்த பிறகு குழந்தை தானாகத் தட்டைத் தேடி வந்தாள். முருங்கைக்கீரை போட்ட பாசிப்பருப்புச் சாதம், விதை நீக்கிய கொய்யா, பப்பாளி, ஊறவைத்து நன்றாக மசித்த உலர் திராட்சை ஆகியவற்றை விரும்பிச் சாப்பிட்டாள். இதையெல்லாம் செய்தபோதும் மருத்துவர் சொல்லும்வரை மருந்தை நாங்கள் நிறுத்தவில்லை. கசிவைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

குழந்தைநல மருத்துவர், திருச்சி

கதவுக்குப் பின்னால் நிற்கும்போது உங்கள் மகன் முக்கவில்லை, அடக்குகிறான். மலத்தை வெளியேற்ற முயல்கிற குழந்தை குந்தும், முழங்கால்களை வயிற்றோடு சேர்க்கும். கால்களைப் பின்னிப் பிட்டத்தை இறுக்கி விறைத்து நிற்கிற குழந்தை, வரப்பார்ப்பதை உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. எப்போதோ ஒருமுறை கெட்டியான மலம் ஆசனவாயின் ஓரத்தைக் கிழித்திருக்கும்; நீங்கள் பார்க்கும் சிவப்புக் கோடு பெரும்பாலும் அந்த வெடிப்பிலிருந்து வருவதுதான். வலித்ததால் அடுத்த முறை அடக்குகிறான். அடக்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது மேலும் இறுகிப் பருக்கிறது. கடைசியில் வெளியே வரும்போது முன்னைவிட அதிகமாக வலித்து, அவனுடைய பயம் சரிதான் என்று அவனுக்கே உறுதிப்படுத்துகிறது.

இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கிறது என்ற உணர்வே மங்கிப்போகும். அப்போது மேலிருந்து வரும் இளகிய மலம், தேங்கிய கட்டியைச் சுற்றி வழிந்து குழந்தைக்குத் தெரியாமலேயே ஜட்டியில் கசியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு நடப்பது இதுவாகத்தான் தோன்றுகிறது. இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்தை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். வேண்டுமென்றே ஜட்டியில் போகிறான் என்று அடி வாங்கிய குழந்தைகளையும் பார்க்கிறேன்; அது அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று.

ஆகவே மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் உள்ளே கட்டி தேங்கியிருந்தால், இப்போதைய அளவிலேயே தொடர்வதும் போதாது. முதலில் தேக்கத்தை நீக்க வேண்டும், பிறகுதான் பராமரிப்பு மருந்து வேலை செய்யும். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், தேக்கத்தை நீக்கப் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாட்கள் கொடுக்கச் சொல்கிறது. அதன்பின் கிலோவுக்கு 0.4 கிராம் என்று தொடங்கி, மலம் வரும் தன்மையைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ தொடர வேண்டும். அந்தப் பொடி கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ் ஏற்றதே. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் உங்கள் குழந்தைக்கு இவ்வளவு என்று நான் சொல்வது முறையாகாது. கடைகளில் உப்புகள் கலந்த பொடியும் உண்டு, கலவாத பொடியும் உண்டு. எனவே மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாக வாங்கிக் கலக்கவும் வேண்டாம்.

குடல் பழகிவிடும் என்ற அச்சம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. இந்த இரண்டு மருந்துகளும் குடலைச் சாட்டையால் அடித்து ஓட வைப்பவை அல்ல. மலத்தில் நீரைத் தங்கவைத்து அதை இளக்குபவை மட்டுமே. பராமரிப்பு மருந்து குறைந்தது 2 மாதங்களாவது தேவைப்படும். தொல்லைகள் யாவும் நீங்கி ஒரு மாதமாவது கடந்த பிறகே, அதையும் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு நாள் நன்றாகப் போய்விட்டான் என்று நிறுத்துவதால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் திரும்புகிறது. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்குவதற்கும், வலித்ததைக் குழந்தை மறப்பதற்கும் அத்தனை காலம் வேண்டும்.

பூங்கோதை சொன்ன உணவு முறை நல்லது. பாலை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். ஆனால் தேங்கிப்போன மலத்தை நார்ச்சத்தும் தண்ணீரும் மட்டும் வெளியேற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயதுக்கு இயல்பான அளவுக்கு மேல் அவற்றைக் கூட்டுவதால் கூடுதல் பயன் கிடைப்பதாகச் சான்று இல்லை என்றே அந்த வழிகாட்டுதலும் சொல்கிறது.

இன்னொன்று. பிறந்த 48 மணி நேரத்துக்குள் உங்கள் மகன் முதல் கருமலம் கழித்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கழிக்கவில்லையென்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஹிர்ஷ்ப்ரங் நோயில், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இராது, அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பச்சை நிற வாந்தி, காய்ச்சலோடு வயிறு வீங்குதல், எடை ஏறாமை, நாடாவைப்போல மெலிந்த மலம், கால்களில் பலவீனம், முதுகுத்தண்டின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாத குழந்தைகளே மிகப் பெரும்பாலோர்.

மாணிக்கம், திண்டுக்கல்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயும்தான் மருந்து. காம்பு வைத்த சற்று நேரத்தில் மலம் வந்துவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். அதை விட்டுவிட்டுப் பச்சைக் குழந்தைக்கு மாதக்கணக்கில் பொடி கரைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குழந்தைநல மருத்துவர், திருச்சி

ஐயா, காம்பு வைத்தால் மலம் வருவது உண்மைதான். ஆசனவாயைத் தூண்டினால் குடல் சுருங்கும். ஆசனவாயில் வைக்கும் மருந்தான கிளிசரின் சப்போசிட்டரியும் பாதி அந்த வழியில்தான் வேலை செய்கிறது. எனக்குள்ள மறுப்பு வேறு. இந்தக் குழந்தை வலிக்குப் பயந்து அடக்குகிறது. அங்கே ஏற்கெனவே வெடிப்பும் இருக்கிறது. இருவர் காலைப் பிடிக்க ஒருவர் காம்பை வைத்தால் அன்றைய மலம் வரும், அடுத்த வாரத்துக்கான பயமும் கூடவே வரும். சோப்புத் துண்டு வைப்பது இன்னும் மோசம். அது உள்சவ்வைப் புண்ணாக்கும். எனிமாவும் வாய்வழிப் பொடியும் தேக்கத்தை நீக்குவதில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல என்பதால்தான், குழந்தையைத் தொந்தரவு செய்யாத பொடியை முதலில் தேர்ந்தெடுக்கிறோம்.

விளக்கெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதும் வேண்டாம், அது குடலை முறுக்கி வயிற்றுவலி தரும். இதையொட்டி ஒரு கிளைச்செய்தி: சில வீடுகளில் உரை மருந்தில் மாசிக்காயை இழைத்துக் கொடுக்கிறார்கள். மாசிக்காய் கடுந்துவர்ப்பு, வயிற்றுப்போக்கைக் கட்டுவதற்குத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். மலச்சிக்கல் உள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பதற்குப் பாரம்பரியத்திலும் நியாயம் இல்லை.

இளமதி, ஈரோடு

மிக்க நன்றி டாக்டர். முதல் கருமலம் பிறந்த அன்றே கழித்துவிட்டான், நீங்கள் சொன்ன மற்ற அறிகுறிகளும் இல்லை. நாளைக்கே எங்கள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று தேக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இன்னும் ஒரு கேள்வி. ஜூன் மாதம் மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும். டயப்பர் இல்லாமல் வந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். அதனால் தினமும் கழிவறையில் உட்காரவைத்துப் பழக்கிவருகிறோம், உட்காரவைத்தாலே அலறுகிறான். இதைத் தொடரலாமா?

குழந்தைகள் பிரிவுச் செவிலியர், சேலம்

இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள் அம்மா. டயப்பரில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் டயப்பரிலேயே போகட்டும். எங்கே போகிறான் என்பதைவிட வலிக்காமல் போகிறானா என்பதே இப்போது முக்கியம். இளகிய மலம் சில வாரங்கள் தொடர்ந்து வலியின்றி வந்த பிறகு மறுபடி தொடங்கலாம். அப்போதும் காலையிலோ இரவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயே உட்காரவையுங்கள், ஏனென்றால் வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் தானாக அசையத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும். மேற்கத்திய கழிப்பறையாக இருந்தால் சிறுவர் இருக்கையைப் பொருத்தி, காலுக்கு அடியில் முக்காலியோ மணைப்பலகையோ போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், கால் தொங்கினால் அவனால் முக்க முடியாது. இந்தியக் கழிப்பறையில் குந்துவது மலம் இறங்க நல்ல நிலைதான், ஆனால் இந்த வயதில் அந்தக் குழியைப் பார்த்தே பல குழந்தைகள் மிரளுகிறார்கள். தரையில் வைக்கும் குழந்தைகளுக்கான சிறிய மலம் கழிக்கும் இருக்கை (potty) இருந்தால் அதில் தொடங்குங்கள். மலம் வந்ததற்காக அல்லாமல், அழாமல் உட்கார்ந்ததற்காகவே பாராட்டுங்கள். வராத நாளில் முகம் சுளிக்க வேண்டாம்.

நாட்காட்டியில் அன்றன்று மலம் வந்ததா, கெட்டியா இளக்கமா, ஜட்டியில் கசிவு இருந்ததா என்று குறித்து வாருங்கள். மருந்தளவைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை. பள்ளியைப் பொறுத்தவரை, இது சிகிச்சையில் இருக்கும் ஒரு நோய் என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பேசிப் பாருங்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் ஓரிரு மாதம் தள்ளிச் சேர்ப்பதே நல்லது, மருந்தை ஜூனுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.