"நீங்கள் சேமித்தது ரூ.1,860": உண்மையில் எதில் சேமிக்கலாம்?

தாம்பரத்துக்காரன்:
வீட்டில் நாலு பேர். மாதச் சாமான் வாங்கினால் பில்லின் அடியில் "நீங்கள் சேமித்தது ரூ.1,860" என்று வருகிறது, ஆனால் பர்ஸில் ஒன்றும் மிஞ்சிய மாதிரி தெரியவில்லை. போன வாரம் ஒரு பெரிய கடையில் அவர்களுடைய சொந்த பிராண்டு துவரம்பருப்பு, எம்ஆர்பி 240, கடை விலை 145. ஆகா என்று ரெண்டு கிலோ அள்ளிப் போட்டேன். தெருமுனை அண்ணாச்சியிடம் அதே ரகம் 140! டிமார்ட், ரிலையன்ஸ் ஸ்மார்ட், மோர் என்று சுற்றுகிறவர்கள் எதை, எப்போது வாங்குகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
எம்ஆர்பியைத் திரும்பியே பார்க்காதீர்கள். அதைத் தாண்டி விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், எவ்வளவு போடுவது என்பது கம்பெனி இஷ்டம். சொந்த பிராண்டில் கடைக்காரரே விலையும் ஏற்றிப் போட்டு அவரே தள்ளுபடியும் தருகிறார், நாம் கை தட்டுகிறோம். பாக்கெட்டில் கிராமுக்கு, மில்லிக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுவும் எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்குதான். கடை விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், போனில் பத்து வினாடி வேலை. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் பொய். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் 6 மில்லி என்றால் மில்லி 17 பைசா கூட இல்லை. பாட்டிலை எடுத்து வகுத்தால் மயக்கமே வரும். பாக்கெட் ஷாம்பு வியாபாரத்துக்குப் பேர் போன கடலூர் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் நாம், இதில் போய் ஏமாறலாமா?

பழைய ஸ்டோர் ஊழியன்:
நான் மூணு வருஷம் ரேக் அடுக்கியவன். தேதி நெருங்கிய சரக்கை முன்னால் வைப்போம், புதுசு பின்னால் போகும். அதனால் பால், தயிர், பிரெட் எடுக்கும்போது கையை உள்ளே விடுங்கள். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" கூடையில் கிடப்பதில் பாதி, ரெண்டு மாதத்தில் தேதி முடிகிற சரக்கு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பிஸ்கட் என்றால் தாராளமாக எடுங்கள், ரெண்டு நாளில் காலி. ஓட்ஸ் எடுத்தீர்களோ, கடைசியில் வண்டுக்குத்தான் சாப்பாடு. அப்புறம் கீரை, நறுக்கிய காய்க்கு ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள், சில கிளைகளில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையை இறக்குவார்கள்.

மடிப்பாக்கம் மருமகள்:
துணிக்கு என் கணக்கு வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துவிடும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் இடத்தைக் காலி பண்ண வேண்டும், அதனால் அந்தத் தள்ளுபடியில் கொஞ்சம் நிஜம் உண்டு. ஆனால் ஆடிக்கென்றே தனியாக இறக்குகிற மட்டச் சரக்கும் கலந்திருக்கும், ஆனியிலேயே போய் விலையைப் பார்த்து வைத்துவிடுவேன்.

இன்னொன்று. ரேக்கில் 149 என்று ஒட்டியிருந்த எண்ணெய்க்கு ஒரு கடையில் 175 பில் போட்டார்கள். ரேக் அட்டையை போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பேசாமல் 26 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேலேயே பணம் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்கள்.

தாம்பரத்துக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பருப்பு இனி அண்ணாச்சியிடமே. ஷாம்பு சரம் ஒன்று வாங்கிக்கொண்டு போய்ப் பெருமையாகக் குளியலறையில் தொங்கவிட்டேன், "ஈரக் கையோடு இதை யார் கிழிப்பது" என்று கேட்கிறாள் மனைவி.

கணக்குப்பிள்ளை:
பல் எதற்கு இருக்கிறது?